ரெயில் பெயரில் ஏற்காடு; மலை ஏற பஸ்தான்!

சேலம்,-

ஒரு நாள் லீவு. பையில் கொஞ்சம் காசு. சேலத்துக்காரர்களுக்கு உடனே ஞாபகம் வருவது ஏற்காடுதான். "ஏழைகளின் ஊட்டி" என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு.

ஆனால் போகிறவர்களில் பலர் பார்த்து விட்டு வருவது என்ன? ஏரி, படகு, அண்ணா பூங்கா, சூடாக ஒரு பஜ்ஜி. அத்தோடு சரி!

அந்த மலையின் கதை என்ன? அங்கே வாழ்கிறவர்கள் யார்? மழை கொட்டினால் அவர்கள் பாடு என்ன ஆகிறது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

போவது எப்படி?

சென்னை சென்டிரலில் இருந்து ஈரோட்டுக்கு ராத்திரியில் ஒரு ரெயில் போகிறது. அதன் பெயர் ஏற்காடு எக்ஸ்பிரஸ். பெயரைப் பார்த்து ரெயில் மலை ஏறும் என்று நினைத்து விடாதீர்கள். சேலம் ஜங்ஷனில் இறங்கி, பஸ்சைப் பிடித்தால்தான் ஏற்காடு.

சேலத்தில் இருந்து ஏற்காடு சுமார் 30 கிலோ மீட்டர். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டினால் அடிவாரம். அங்கிருந்து ஏற்றம் ஆரம்பம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டிருப்பார்கள்.

ஏற்காடு கடல் மட்டத்தில் இருந்து 1,515 மீட்டர் உயரம். அதாவது சேலத்தில் இருந்து சுமார் 4 ஆயிரம் அடி மேலே போகிறோம். கீழே வியர்த்துக் கொட்டும். பாதி வழியிலேயே ஜில்லென்று காற்று வரும்.

இன்னொரு ரோடும் உண்டு. அது சேலம்-அரூர் ரோட்டில் உள்ள குப்பனூர் வழியாகப் போகிறது. கொஞ்சம் சுற்று. மே மாதம் கோடை விழா நாட்களில் கூட்டம் நெரியும். அப்போது அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி போலீசார் ஒரு வழிப்பாதை ஆக்குவது வழக்கம்.

பஸ்சில் போகிறவர்கள் ஏறும்போதே கடைசி பஸ் எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். அதை விட்டுட்டா அப்புறம் திண்டாட்டம்தான்!

கலெக்டர் வைத்த காபி

ஏரி இருக்கிற காடு என்பதால் ஏற்காடு என்று பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். மலைக்கு முழுப்பெயர் சேர்வராயன் மலை. வெள்ளைக்காரன் வாயில் அது "ஷெவராய்" ஆகி விட்டது.

1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்தவர் எம்.டி.காக்பர்ன். இந்த மலைக்குக் காபிச் செடியைக் கொண்டு வந்தவர் அவர்தான். ஆரஞ்சு, பேரிக்காய் போன்ற பழ மரங்களையும் அவர் வைத்துப் பார்த்தார். அவரை "ஏற்காட்டின் தந்தை" என்று சொல்வதுண்டு.

காபிச் செடிக்கு நேர் வெயில் ஆகாது. அதனால் நிழலுக்கு சில்வர் ஓக் மரம் வளர்த்தார்கள். அந்த மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றி விட்டார்கள். ஒரே நிலத்தில் இரண்டு வரும்படி! இன்றும் மலை முழுக்க இதே விவசாயம்தான்.

பள்ளிக்கூடத்துக்கும் ஏற்காடு பெயர் போன ஊர். மான்ட்போர்ட் பள்ளிக்கூடம் 1917-ல் தொடங்கப்பட்டது.

எதை எதைப் பார்க்கலாம்?

பஸ்சை விட்டு இறங்கியதும் ஏரி. படகுத்துறை அங்கே. பக்கத்திலேயே அண்ணா பூங்கா. கோடை விழா மலர் கண்காட்சி இந்தப் பூங்காவில்தான் நடக்கும்.

லேடீஸ் சீட் என்ற இடத்தில் நின்றால் சேலம் நகரம் கீழே பொம்மை ஊர் மாதிரி தெரியும். இருட்டிய பிறகு பார்த்தால் விளக்கு வரிசை கொள்ளை அழகு.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம். மரத்தின் மேல் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடிகளில் பல வகைகளை இங்கே வளர்க்கிறார்கள். பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியும் உண்டு. பிள்ளைகளை அழைத்துப் போனால் பத்துப் பாடம் படித்ததற்குச் சமம்.

கிளியூர் நீர்வீழ்ச்சி சுமார் 300 அடி உயரம். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே போய் விழுகிறது. மழைக்காலம் முடிகிற சமயத்தில் போனால் பார்க்கலாம். கோடையில் போனால் வெறும் பாறைதான்!

சேர்வராயன் கோவில்

ஏரியில் இருந்து சுமார் 5 கிலோ மீட்டரில், 5,326 அடி உயரத்தில் சேர்வராயன் கோவில் இருக்கிறது. கோபுரம் கிடையாது. குகைதான் கோவில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும், காவேரி அம்மனும் அங்கே இருக்கிறார்கள். மே மாதம் திருவிழா. சுற்றுப்பட்ட மலைக்கிராம மக்கள் எல்லாம் அன்றைக்கு அங்கேதான்.

அந்த மலை உச்சி மேஜை போட்டது மாதிரி தட்டையாக இருக்கும். காலடியில் இருப்பது செம்மண் அல்ல, பாக்சைட் தாது. அலுமினியம் எடுப்பது இதில் இருந்துதான். 1965-ல் உற்பத்தி தொடங்கிய மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு இந்த மலையில் இருந்தும் தாது வெட்டி எடுத்துப் போனார்கள்.

மலையாளி யார்?

மலைக்கிராமங்களில் வாழ்கிறவர்களுக்கு "மலையாளி" என்று பெயர். கேரளாக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சீபுரம் பக்கம் இருந்து அண்ணன் தம்பிகளாக வந்து சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலையில் பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அரசாங்கக் கணக்கில் பழங்குடியினர். தமிழ்நாடு சட்டசபையில் பழங்குடியினருக்கு இரண்டே தொகுதிகள்தான் ஒதுக்கப்பட்டு இருக்கின்றன. ஒன்று சேந்தமங்கலம், மற்றொன்று ஏற்காடு.

ஏற்காட்டில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் பெரிய வைத்தியம் என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும். உள்கிராமத்துக்காரர் முதலில் ஏற்காட்டுக்கு வந்து, பிறகு 20 வளைவும் இறங்க வேண்டும்.

ரோடு போனால் எல்லாம் போச்சு!

நமக்கு அந்த ரோடு ஜாலி டிரிப். அவர்களுக்கு அதுதான் உயிர்நாடி. அரிசி, பருப்பு, மருந்து ஏறுவதும், காபி, மிளகு இறங்குவதும் அதில்தான்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழை கொட்டியபோது மலைப்பாதையில் மண் சரிந்தது. போக்குவரத்து நின்று போனது. மலையை வெட்டித்தான் ரோடு போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் உள்ள வடிகால் அடைத்துக் கொண்டால் தண்ணீர் ரோட்டில் பாயும். மண் ஊறும். ஊறிய மண் நிற்காது. வடிகாலில் விழும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில்கூட இதில் பங்காளிதான். தமிழ்நாட்டில் ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1-ந்தேதி முதல் தடை. ஏரியில் எறிவதும் கடைசியில் கிளியூர் அருவிக்குத்தான் போகும்.

கியர் முக்கியம்

2024 ஏப்ரல் 30-ந்தேதி ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு வந்த தனியார் பஸ், வளைவில் தடுப்புச்சுவரை உடைத்துக் கொண்டு கவிழ்ந்தது. பயணிகள் சிலர் இறந்தார்கள். பலர் காயம் அடைந்தார்கள்.

சொந்த வண்டியில் போகிறவர்கள் மூன்று விஷயம் மறக்கக்கூடாது.

ஒன்று:- எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். பிரேக்கையே மிதித்துக் கொண்டு வந்தால் அது சூடேறி, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது.

இரண்டு:- ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். வளைவில் ஓவர்டேக் கூடவே கூடாது.

மூன்று:- காட்டெருமை எதிரே வந்தால் ஆரன் அடிக்காதீர்கள். போட்டோ எடுக்க இறங்காதீர்கள். அது போன பிறகு நீங்கள் போகலாம்.

வளைவில் வண்டியை நிறுத்தி செல்பி எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உடனே ஒதுங்குங்கள். உள்ளே இருப்பது பிரசவ வலியில் துடிக்கும் மலைக்கிராமத்துப் பெண்ணாக இருக்கலாம். குப்பனூர் வழியாகச் சுற்றிப் போக அந்த வண்டிக்கு நேரம் இருக்காது.