தொலைவில் உள்ள சர்வரும் நம் சிறு கணினியும்

கோவில்பட்டியிலிருந்து எத்திசையில் சென்றாலும் கரிசல் நிலத்தையே காண்கிறோம். தொலைவிலிருந்து பார்க்கையில் அது ஒரே பரப்பாகத் தோன்றும். அருகே சென்றால்தான் வரப்புகள் தெரியும். ஒரு வரப்புக்குள் உளுந்து, அடுத்ததில் பருத்தி, அதற்கடுத்ததில் கம்பு. மண்ணும் மழையும் ஒன்றே. வெள்ளாமை மட்டும் வெவ்வேறு. சர்வர் எனப்படும் பெரிய கணினியும் இவ்வாறே. ஒரே இயந்திரத்துக்குள் பல கணினிகள் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம், தனி வட்டு, தனிப் பெயர் உண்டு. ஆனால் தொட்டுக் காட்ட அங்கே இருப்பது ஒரே பெட்டிதான். உள்ளே இருப்பவற்றை மெய்நிகர் கணினிகள் என்கிறோம்.

இது புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே வி.எம்./370 என்னும் அமைப்பின் வழியே, ஒரு பெருங்கணினியைப் பலருக்கும் தனித்தனிக் கணினியாகக் காட்டியது. மறு ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.க்கு அதே 370 வரிசைக் கணினி ஒன்று வந்தது. அதில் கணக்குப் போட, துளையிட்ட அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு கணினி மையத்துக்கே போகவேண்டும். இன்று புரோகிராம் எழுதப் பழகும் நம் மாணவி அப்படிப் போக வேண்டியதில்லை. அவளது மடிக்கணினியில் இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகளை ஓட்டினால் அது திணறிவிடும். ஆகவே எழுதுவதைத் தன் மேசையில் எழுதி, சோதிப்பதைச் சென்னையில் உள்ள சர்வரில் சோதிக்கிறாள்.

அந்த சர்வரில் வரப்புப் போடும் வேலையைச் செய்வது கே.வி.எம்.; இது 2007-ல் லினக்ஸில் சேர்க்கப்பட்டது. வரப்புகளை மேற்பார்க்கும் காரியஸ்தர் லிப்வர்ட். இது 2005-ல் தொடங்கப்பட்டது. நம் கணினியிலிருந்து அந்தக் காரியஸ்தரிடம் பேசும் சிறு கருவிக்கு விர்ஷ் என்று பெயர். பேச்சு செல்லும் வழி எஸ்.எஸ்.எச். கடவுச்சொற்களை நடுவழியில் களவாடிய ஒரு சம்பவத்துக்குப் பின், 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாட்டு இலோனன் இதை உருவாக்கினார்.

முதன்முறை இணையும்போது திரையில் ஒரு கேள்வி வரும். "இந்தக் கணினியை எனக்குத் தெரியாது; இதன் கைரேகை இது; தொடரலாமா?" என்னும் பொருள்பட அது அமையும். பெரும்பாலோர் படியாமலே சம்மதம் தந்துவிடுகின்றனர். விடுதி மாணவியருக்கு இது நன்கு விளங்கும். "நான் அவளுடைய மாமா, அழைத்துப் போக வந்தேன்" என்று ஒருவர் வாயிலில் நின்றால், சிஸ்டர் உடனே அனுப்பிவிடுவாரா? பெற்றோர் எழுதித் தந்த பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார் அன்றோ? அதுபோல, சர்வரைப் பராமரிப்பவரிடம் கைரேகையை முன்னரே கேட்டு வாங்கி, எழுத்துக்கெழுத்து ஒப்பிடவேண்டும். சர்வர் தன்னை நிரூபித்த பிறகே நாம் நம்மை நிரூபிக்கும் முறை வருகிறது. அதற்கு இரட்டைச் சாவிகள். பொதுச் சாவியை சர்வரில் வைக்கலாம். அந்தரங்கச் சாவி நம் கணினியை விட்டு எங்கும் போகலாகாது. உயிர்த் தோழி கேட்டாலும் தரக்கூடாது.

உள்ளே சென்றதும் எங்களில் ஒருத்தி திகைத்துப் போனாள். பட்டியலைக் கேட்டாள், ஒரு கணினியும் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டோமோ என்று அரைமணி நேரம் கலங்கினாள். நடந்தது வேறு. இணைப்பு முகவரியின் கடைசியில் 'சிஸ்டம்' அல்லது 'செஷன்' என்ற சொல் வரும். சிஸ்டம் என்றால் சர்வரின் பொதுக் கணினிகள். செஷன் என்றால் நம் பெயரில் நாமே உண்டாக்கியவை. அவள் செஷனுக்குப் போயிருந்தாள். அங்கே அவள் எதையும் உண்டாக்கியதில்லை. வெறும் பட்டியல் வந்தது. சிஸ்டத்துக்குள் போக, சர்வரில் நமக்கு அதற்கான அனுமதியும் இருக்கவேண்டும்.

அனுமதி கிடைத்தபின்தான் மெய்யான ஆபத்து. அங்கே நம்முடைய கணினி மட்டும் இருப்பதில்லை. அடுத்த வரப்பில் வேறொருவரின் பல மாத உழைப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். முகவரி கொடுக்க மறந்தால் விர்ஷ் வழக்கமான இணைப்பை எடுத்துக்கொள்ளும். அது நம் மடிக்கணினியாகவும் இருக்கலாம், முன்பு அமைத்து வைத்த சர்வராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் திரை ஒன்றுபோலவே தோன்றும். ஆகையால் முதலில் 'ஹோஸ்ட்நேம்' என்று கேட்டு, எந்த இயந்திரத்தில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்கிறோம். பார்வையிட மட்டும் போதுமென்றால், மாற்றம் செய்ய இயலாத இணைப்பாகவே கேட்டுப் பெறலாம். புதியவர்களுக்கு இதுவே தகுந்தது என்பது எங்கள் எண்ணம்.

சொற்களும் ஏமாற்றும். 'ஷட்டவுன்' என்றால் கணினியிடம் சொல்லி அணைப்பது. 'டெஸ்ட்ராய்' என்பது பெயரளவில் பயங்கரமானது. ஆனால் அது மின்வயரைப் பிடுங்குவது போன்றதே, வட்டில் உள்ளதை அழிக்காது. எனினும் பாதியில் எழுதிக்கொண்டிருந்தது கெட்டுப்போகலாம். சாதுவாக ஒலிக்கும் 'அன்டிஃபைன்'தான் அந்தக் கணினியின் அமைப்புக் குறிப்பையே பதிவிலிருந்து நீக்குகிறது.

பெற்றோர் சிலர் கேட்பதுண்டு: நம் ஊரில் கரண்ட் போனால் என்னவாகும்? திரை இருண்டுவிடும், இணைப்பும் அறுந்துவிடும். ஆயினும் காரியஸ்தரும் வரப்புகளும் இருப்பது சென்னையில். அங்கே அந்த மெய்நிகர் கணினி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் வந்ததும் அதே சாவியோடு மறுபடி இணைந்து, 'ஹோஸ்ட்நேம்' கேட்டுவிட்டுப் பட்டியலைப் பார்க்கிறோம். அது அங்கேயே இருக்கிறது.