முயலுக்கும் காதல் வரும்

1989-இல் ஏவி.எம். தயாரிப்பில், எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் 'ராஜா சின்ன ரோஜா' வந்தது. படம் பார்த்துவிட்டு வந்த எங்கள் தெருப் பிள்ளைகள் ரஜினிகாந்தைப் பற்றி எவ்வளவு பேசினார்களோ, அவ்வளவு அவரோடு ஆடிய கார்ட்டூன் விலங்குகளைப் பற்றியும் பேசினார்கள். அந்த விலங்குகளுக்கு உயிர் கொடுத்தவர் ராம் மோகன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராம் மோகன், 1956-இல் பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அங்கே பயிற்சி கொடுக்க வந்திருந்தவர் கிளேர் வீக்ஸ். டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்', 'பேம்பி' படங்களில் வேலை பார்த்தவர். அவர் வழிகாட்டலில், மான் அரசனைப் பற்றிய ஜாதகக் கதை ஒன்று 1957-இல் 'தி பேனியன் டீர்' என்ற குறும்படமாக வந்தது.

'பேம்பி' 1942-இல் வெளியான படம். அதில் வசந்தகாலம் வந்ததும் ஆந்தைத் தாத்தா மான், முயல், ஸ்கங்க் மூவரையும் எச்சரிப்பார். 'நாங்களாவது, காதலாவது' என்று மூன்றும் வீறாப்பாக நடக்கும். நாலடி போவதற்குள் ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளும். முயலுக்குக் காதல் வந்ததை அதன் பின்னங்கால் காட்டிக்கொடுக்கும். தரையில் படபடவென்று தட்டிக்கொண்டே இருக்கும். வசனமே வேண்டாம். இந்தப் படத்துக்காக டிஸ்னி ஓவியர்கள் நிஜ மான்குட்டிகளை ஸ்டூடியோவிலேயே வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள்.

இந்தக் கலை எவ்வளவு பொறுமையைக் கேட்கும் என்பதைக் கோடம்பாக்கத்தில் டைட்டில் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் நான் கற்றேன். ஒரு விளம்பரப் படம்: கிளி ஜோடி, நடுவில் ஒரு குரங்கு. பெண் கிளி வெட்கப்பட வேண்டும். "கண்ணை மூடாதே, தாமதமா மூடு," என்பார் எங்கள் ஆர்டிஸ்ட் அண்ணன். இமை இறங்க நான்கு படம். இறங்கியபின் அரை விநாடி அப்படியே நிற்க வேண்டும். அந்த அரை விநாடியில்தான் வெட்கம் இருக்கிறது. வாலை இழுக்கப்போகும் குரங்கு, முதலில் கையைப் பின்னுக்கு வாங்கி, ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும். இழுப்பதற்கு முந்தைய அந்தப் பார்வைதான் குறும்பு.

திரையில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தால் விநாடிக்கு 12 படம். ஒரே விலங்கு நான்கு நிமிடம் ஓயாமல் ஆடினால் 2,880 படங்கள். பென்சிலில் வரைந்ததைக் கண்ணாடி போன்ற செல் தாளில் மையால் ஒற்றியெடுத்து, தாளைத் திருப்பிப் பின்பக்கம் வண்ணம் பூசி, ஒவ்வொன்றாகக் கேமராவின் கீழ் வைக்க வேண்டும். கூடவே மனிதரும் ஆடினால் வேலை இரட்டிப்பு. நடிகர் வெறும் காற்றைப் பார்த்துச் சிரிப்பார். அவர் பார்வை விழுந்த இடத்தில், ஃப்ரேம் ஃப்ரேமாக, விலங்கைக் கொண்டுவந்து நிறுத்துவது ஓவியரின் பொறுப்பு.

சென்னைக்கு அனிமேஷன் 1989-இல் வந்து சேர்ந்ததல்ல. 1947-லேயே ஜெமினி ஸ்டூடியோவில் தாணு 'சினிமா கதம்பம்' என்ற அனிமேஷன் குறும்படம் எடுத்திருக்கிறார். ஆனால் அந்தக் காலத்து ஓவியங்களைத் தேடிப் பாருங்கள், கண்ணில் படுவது அரிது. காரணம் எனக்குத் தெரியும். செல் தாள் விலை அதிகம். எங்கள் பட்டறையில் படமெடுத்து முடிந்ததும் கழுவி அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்வோம். பென்சில் தாள்கள் எடைக்குப் போகும்.

ஆர்ட்டிஸ்டுகள் வாழ்ந்த வீடுகள் கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் இன்றும் இருக்கின்றன. பரணில் துளையிட்ட தாள்கட்டு கிடைத்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஓரத்தில் எழுதிய எண்வரிசையைக் கலைக்காமல் எடுத்துவையுங்கள். திரைப்படக் கல்லூரியிலோ புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலோ விசாரியுங்கள். எண் சரியாக இருந்தால் போதும், இன்று ஒரு கைப்பேசியை வைத்தே அந்த விலங்குகளை மறுபடி ஓடவைத்துவிடலாம்.