அண்ணாச்சி கடையின் வரவு செலவு

தெருமுனை மளிகைக் கடை ஒன்று மூடியதும், "பக்கத்துல சூப்பர் மார்க்கெட் வந்துருச்சுல்ல, அதான்" என்று காரணம் சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் சரி. மூடிய கடைகள் பலவற்றில் கடைசி நாள் வரை ஆள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. காலையில் பால், சாயங்காலம் முட்டை, ராத்திரி ஒன்பதரைக்குக் கொசுவத்தி என்று கல்லாவில் காசு விழத்தான் செய்தது. விழுந்த காசு போதவில்லை. ஏன் போதவில்லை என்று தெரிய, கடையின் வரவு செலவைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மளிகைக் கடைக்கு இரண்டு வகை வியாபாரம் உண்டு. ஒன்று மாதச் சாமான். சம்பளம் வந்த வாரத்தில் வீட்டிலிருந்து லிஸ்ட் வரும்: துவரம்பருப்பு இரண்டு கிலோ, உளுந்து மூன்று, நல்லெண்ணெய் ஒரு லிட்டர், புளி, வரமிளகாய், குளியல் சோப்பு ஆறு, அரிசி ஒரு சிப்பம். பையன் கட்டிவைத்து, சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவான். இன்னொன்று அன்றாடச் சில்லறை: பத்து ரூபாய்க்குக் கடுகு, ஒரு தீப்பெட்டி, சரத்தில் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டில் இரண்டு. சில்லறை வியாபாரம் கடையைப் பரபரப்பாக வைத்திருக்கும். வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் மாதச் சாமானில்தான் வரும்.

முதலில் கைவிட்டுப் போனது அந்த லிஸ்ட்தான். சென்னையில் 1996-இல் ஃபுட்வேர்ல்டு, 1997-இல் சுபிக்ஷா எனச் சங்கிலிக் கடைகள் வந்தன. சுபிக்ஷா 2009-இல் மூடிப்போனது. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை போய், தள்ளுவண்டியை நிரப்பிக்கொண்டு, கம்ப்யூட்டர் பில் போட்டுவிட்டு வரும் பழக்கம் போகவில்லை. அடுத்து வந்த கடைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. மிச்சமிருந்த சில்லறையை வைத்து அண்ணாச்சி இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஓட்டினார். கொத்தமல்லி தீர்ந்துபோச்சு, பால் திரிந்துபோச்சு என்றால் யாரும் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடமாட்டார்கள் என்ற தைரியம் அவருக்கு இருந்தது. 2020-இல் இன்ஸ்டாமார்ட், 2021-இல் ஜெப்டோ, அதே ஆண்டுக் கடைசியில் பிளிங்கிட் என்று பெயர் மாற்றிக்கொண்ட குரோஃபர்ஸ் என நிமிடக் கணக்கில் வீட்டுக்கே கொண்டுவரும் செயலிகள் எல்லாம் குறிவைத்தது அந்த அவசரத்தைத்தான். பெரிய நகரங்களில் இப்போது அடி விழுவது அங்கேதான்.

அடுத்தது கொள்முதல். வாடிக்கையாளரின் கண்ணில் படாத இடம் இது. 100 ரூபாய் எம்ஆர்பி போட்ட சோப்புத்தூள் ஒன்று, கம்பெனியிலிருந்து ஏஜென்சிக்கு வந்து, ஏஜென்சி வேனில் கடைக்கு வரும்போது 90 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய கடைக்காரர்கள் ஏஜென்சியைத் தாண்டி, கம்பெனியிடமே லாரிக் கணக்கில் எடுக்கிறார்கள். கண்ணுக்கு நேரான தட்டில் அடுக்கிவைப்பதற்குத் தனியாகப் பணமும் வாங்குகிறார்கள். அதனால் அதே பாக்கெட்டை 88 ரூபாய்க்கு விற்றாலும் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. அவர்கள் விற்கும் விலை அண்ணாச்சி வாங்கும் விலையைவிடக் குறைவு! இதனால் சில கடைக்காரர்கள் ஆஃபர் நாளில் தாங்களே அங்கே போய் வாங்கி வந்து தங்கள் கடையில் விற்கிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் கணக்கு அதுதான். 2022 தொடக்கத்தில் மகாராஷ்டிரத்து விநியோகஸ்தர்கள் இந்த இரட்டை விலையை எதிர்த்துச் சில பெரிய கம்பெனிகளின் சரக்கை எடுக்க மறுத்தார்கள். இது புதிய சண்டையும் அல்ல. அமெரிக்காவில் சங்கிலிக் கடைகளுக்கு மட்டும் குறைந்த விலை கொடுப்பதைத் தடுக்க 1936-இலேயே ராபின்சன்-பாட்மன் என்ற சட்டம் கொண்டுவந்தார்கள். 1980-களுக்குப் பிறகு அது பெரும்பாலும் ஏட்டில்தான் கிடந்தது. இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை.

இப்போது ஒரு கணக்கு. கற்பனைக் கடைதான், ஆனால் நடப்புக்குப் பக்கத்தில் வரும். தினம் 10,000 ரூபாய் வியாபாரம். லாபம் சராசரியாகப் பத்து சதவீதம். மாதம் 30,000. வாடகை 9,000. கரண்ட் 2,500, வீட்டுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் கடைக்குக் கிடையாது, ஃப்ரிட்ஜ் இரவு பகலாக ஓட வேண்டும். எலி கடித்தது, தேதி முடிந்தது, கவர் வாங்கியது என்று 1,500. மீதி 17,000. மோசமில்லை என்று தோன்றும். காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடும் கடையில் அவர் மாதம் 480 மணி நேரம் நிற்கிறார். கூட்ட நேரத்தில் மனைவியும் தினம் ஐந்து மணி நேரம் உட்காருகிறார் என்றால் அது 150. மொத்தம் 630 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 27 ரூபாய்கூட முழுசாக வரவில்லை. விடியற்காலையில் கோயம்பேடு போய்க் காய்கறி எடுத்து வரும் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை.

குடும்பக் கடையின் ரகசியம் இதுதான். அது லாபத்தில் ஓடியது என்பதைவிட, கூலி எழுதாமல் ஓடியது என்பதே பொருத்தம். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து நாடார் வணிகர்கள் சென்னை முழுக்கக் கடை பரப்பியதும் அந்த முறையில்தான். ஊரிலிருந்து உறவுக்காரப் பையன் வருவான். கடையிலேயே சாப்பாடு, மூட்டை மேலேயே படுக்கை. சில வருஷம் கழித்து, சேர்ந்திருக்கும் சம்பளத்தோடு முதலாளி கொஞ்சம் சரக்கும் கடனாகக் கொடுக்க, அடுத்த தெருவில் சொந்தக் கடை. சமூகமே சேர்ந்து முதல் திரட்டும் வழக்கமும் பின்னால் நின்றது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கியதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. இந்த ஏற்பாட்டில் பள்ளிக்கூடம் போக வேண்டிய சிறுவர்களின் உழைப்பும் கலந்திருந்தது என்பதை மறந்துவிட்டுப் பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை. பிறகு ஊரில் பள்ளிகள் பெருகின, பையன்கள் வருவது நின்றது. கடை வருமானத்தில் படித்த மகனோ இன்ஜினியரிங் முடித்துவிட்டு, அப்பா ஒருநாளும் போடாத அந்த மணிக்கணக்கைப் போட்டுப் பார்த்தான். கடை மூடுவதற்கு அதுவே போதும், சூப்பர் மார்க்கெட் வந்தாலும் வராவிட்டாலும்.

இதற்கு நடுவே அரசியல் சண்டை வேறு திசையில் போனது. 2012-இல் பல பிராண்டு சில்லறை விற்பனையில் 51 சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்து, முடிவை மாநிலங்களிடம் விட்டது. தமிழ்நாடு மறுத்துவிட்டது. வால்மார்ட் வராது என்று மூச்சுவிட்டோம். உள்நாட்டுப் பெருமுதலாளிகள் கடை திறக்க எந்தத் தடையும் இருக்கவில்லை. 2018-இல் வால்மார்ட் ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கி, கடையே திறக்காமல் உள்ளே வந்தது. ஜிஎஸ்டி-தான் கொன்றது என்பவர்களும் உண்டு. ஆனால் ஆண்டுக்கு 40 லட்ச ரூபாய் விற்பனை வரை பொருள் விற்பவர் பதிவே செய்ய வேண்டியதில்லை. நம் கற்பனைக் கடை 36 லட்சத்துச் சொச்சத்தில் நிற்கிறது. எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் பயம் மட்டும் நிஜம். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யூபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்ப, பெங்களூரு கடைகளில் கியூஆர் அட்டைகள் இறங்கின.

எத்தனை கடைகள் மூடின? ஒரே ஆண்டில் நாடு முழுக்க இரண்டு லட்சம் என்று அகில இந்திய விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2024-இல் சொன்னது. அது வழக்காடும் தரப்பின் எண், அரசின் கணக்கெடுப்பு அல்ல. அந்த அளவுக்குத்தான் நம்பலாம்.

கடை போனால் அதிகம் இழப்பவர்கள் கடன் நோட்டில் பெயர் இருந்தவர்கள். வாரக் கூலி வாங்கும் கொத்தனார் வீட்டுக்குப் புதன்கிழமை அரிசி தீர்ந்தால், "சனிக்கிழமை தர்றேன் அண்ணாச்சி" என்ற ஒரு வார்த்தை போதும். வட்டி கிடையாது. செயலிகளிலும் பிறகு கட்டும் வசதி இருக்கிறது, வங்கிக் கணக்கில் ஒழுங்காக வரவு காட்டுபவருக்கு. எம்ஆர்பி விலையைவிட ஐந்து ரூபாய் குறைத்துத் தராத அண்ணாச்சியைக் குறைசொல்லும்போது, இந்தக் கடனும் அந்த விலைக்குள்தான் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் தெருக் கடை தாங்குமா என்று தெரிய வேண்டுமானால், முதலில் கட்டடம் யாருடையது என்று விசாரியுங்கள். சொந்த இடமென்றால் மேலே போட்ட கணக்கில் 9,000 அப்படியே மிஞ்சும். முதலில் மூடுவது வாடகைக் கடைதான். பிறகு உள்ளே எட்டிப் பாருங்கள். அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தால் மாதச் சாமான் வாங்கும் வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. மூட்டை இருந்த இடத்தில் குளிர்பான ஃப்ரிட்ஜ் மட்டும் நின்றால், கடை சில்லறையில்தான் ஓடுகிறது.