காலம் கடந்து வந்த கடிதமும் களிமண்ணில் எழுந்த முகமும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகிறவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது, வரப்பு வரப்பாகப் பிரிந்து வெயிலில் மின்னும் உப்புப் பாத்திகளையும், வாரிக் குவித்துக் கீற்று மூடிய அம்பாரங்களையும், அவற்றுக்குச் சற்று வடக்கே கழுவெளி கடலோடு கலக்குமிடத்தில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையையும் காண்பார்கள். 1750-இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் கைக்கு வந்து, பத்தே ஆண்டுகளில் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட அந்தக் கோட்டையைக் கொண்டு, இது பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதிய கரை என்று எவரும் சொல்லிவிடுவர். ஆனால் ஜார்ஜ் வாஷிங்டனும் பெஞ்சமின் பிராங்க்ளினும் எழுதிய கடிதங்களின் பலாபலன்களை இக்கரை வாசிகளும் அனுபவித்தார்கள் என்றால், கேட்பவர்களுக்குச் சற்று வியப்பாகத்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். பாரிஸில் தங்கி அமெரிக்கர்களுக்காக இடைவிடாது பரிந்து பேசிவந்த பிராங்க்ளினுடைய முயற்சி பலித்து, 1778 பிப்ரவரி 6-ஆம் தேதி பிரான்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் விளைவாக ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் யுத்தம் மூண்டது. அந்த யுத்தம் அட்லாண்டிக் சமுத்திரத்தோடு நின்றுவிடாமல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு இங்கேயும் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்த நாட்களின் நிலைமையை, 1778 முதல் 1792 வரை புதுச்சேரி நிகழ்ச்சிகளைத் தமிழில் எழுதிவைத்த இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பில் இன்றும் படிக்கலாம். பிலடெல்பியாவில் அறிவிக்கப்பட்ட சுதந்திரத்தின் எதிரொலியை நம்மவர் ஒருவர் நம்முடைய பாஷையில் குறித்துவைத்திருக்கிறார் என்பது சாமானியமான விஷயமன்று.

இதன் பிறகு வந்தவர் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரான். 1782 பிப்ரவரி 17-ஆம் தேதி மரக்காணத்துக்கு வடக்கே சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பாலும், ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு அப்பாலும், செப்டம்பரில் திருகோணமலைக்கு அருகிலும் அவர் ஆங்கிலத் தளபதி ஹியூஸோடு பொருதார். இடையே கடலூருக்கருகில் ஹைதர் அலியைச் சந்தித்து அளவளாவவும் செய்தார். கடைசி யுத்தம் 1783 ஜூன் 20-ஆம் தேதி கடலூருக்கு எதிரே நடந்தது. ஹியூஸிடம் பதினெட்டுப் போர்க்கப்பல்கள், சுப்ரானிடம் பதினைந்தே. ஆயினும் ஹியூஸ் சென்னைக்குத் திரும்ப நேர்ந்தது. அமெரிக்க சுதந்திரத்தை ஒட்டி எழுந்த உலக யுத்தத்தின் கடைசிப் பெரும் கடற்போர் என்று சரித்திர ஆசிரியர்கள் குறிப்பிடுவது இந்தச் சண்டையைத்தான்.

இதில் ஒரு பரிதாபம் உண்டு. பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே பூர்வாங்க சமாதான ஒப்பந்தம் அதே ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதியே கையெழுத்தாகிவிட்டிருந்தது. கடலூரில் மாண்டவர்கள் அனைவரும், ராஜாங்க ரீதியில் பார்த்தால், முடிந்துபோன யுத்தத்தில் மாண்டவர்கள். ஐரோப்பாவிலிருந்து புறப்பட்ட கடிதம் இங்கே வந்து சேரப் பல மாதங்கள் பிடிக்கும் காலம் அது. சமாதானச் செய்தியைத் தாங்கிய ஆங்கிலக் கப்பல் சமாதானக் கொடியுடன் கடலூரை அணுகியபோது ஜூன் மாதம் முடியும் தறுவாயில் இருந்தது.

கடிதமே சகலமுமாக இருந்த அக்காலத்தில், எழுதியவர்கள் அதைப் பேணிய முறையும் கவனிக்கத் தக்கது. கடலில் கப்பல் மூழ்கலாம், எதிரியிடம் சிக்கலாம் என்ற அச்சத்தால் முக்கியமான கடிதத்துக்கு இரண்டு மூன்று பிரதிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். வாஷிங்டன் தம்முடைய காரியதரிசிகளைக் கொண்டு கடிதப் புத்தகங்களில் நகல் எழுதுவித்தார். அமெரிக்கத் தலைவர்களில் மற்றொருவரான ஜெபர்சனோ, ஈரமான மெல்லிய தாளை மூலத்தின்மீது வைத்து அழுத்தி மையைப் பதியவைக்கும் யந்திரத்தையும், பிற்காலத்தில் ஒரே வேளையில் இரண்டு பேனாக்களை ஓட்டும் கருவியையும் உபயோகித்தார். இந்த ஜாக்கிரதையின் பயனாகவே வாஷிங்டன் சம்பந்தமான சுமார் 77,000 ஆவணங்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. ஜெபர்சன் தம் ஆயுளில் எழுதிய சுமார் 19,000 கடிதங்களைப் பற்றியும் நாம் பேச முடிகிறது. ஆடம்ஸ் குடும்பத்தின் கடிதங்கள் மாசசூசெட்ஸ் சரித்திர சங்கத்திலும், பிராங்க்ளினுடையவற்றில் பெரும்பகுதி பிலடெல்பியாவின் அமெரிக்கத் தத்துவ சங்கத்திலும் காக்கப்படுகின்றன.

இவற்றைப் படிக்கும்போது கிடைக்கும் லாபம் சரித்திரப் புத்தகத்தில் கிடைப்பதில்லை. புத்தகம் எழுதுகிறவனுக்கு முடிவு தெரியும். கடிதம் எழுதுகிறவனுக்குத் தெரியாது. உதாரணமாக, 1781 அக்டோபர் 17-ஆம் தேதி யார்க்டவுனில் முற்றுகைக்குள் அகப்பட்ட ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ், இருபத்துநான்கு மணி நேரம் சண்டையை நிறுத்தி, சரணடையும் நிபந்தனைகளைப் பேச இரு தரப்பிலும் அதிகாரிகளை நியமிக்கலாம் என்று வாஷிங்டனுக்குச் சில வரிகள் எழுதி அனுப்பினார். வாஷிங்டன் மரியாதையாகவே பதில் எழுதினார். ஆனால் அவர் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். ஒரு பெரிய சாம்ராஜ்யத்தின் தலைவிதி மாறிய வேளையில், ஒருவர் நேரம் கேட்பதும் மற்றவர் அதைக் குறைப்பதுமாக அந்த இரண்டு கடிதங்களும் எவ்வித ஆடம்பரமுமின்றி எதிரெதிரே நிற்கின்றன. 19-ஆம் தேதி சரணாகதி நடந்தது. தமக்கு உடல்நலமில்லை என்று சொல்லிக் கார்ன்வாலிஸ் அதற்குத் தாம் வராமல் தம்முடைய துணைத் தளபதியை அனுப்பினார்.

கடிதம் மனத்தைக் காட்டுமேயன்றி முகத்தைக் காட்டாது. அந்தக் குறையை நிரப்பியவர் ழான் அந்துவான் ஊதோன் என்ற பிரெஞ்சுச் சிற்பி. வர்ஜீனியா சட்டசபை வாஷிங்டனுக்குச் சிலை எடுப்பதென்று 1784-இல் தீர்மானித்தபோது, பாரிஸிலிருந்த ஜெபர்சன் இவரையே தேர்ந்தெடுத்தார். ஓவியத்தைப் பார்த்துச் சிலை செய்ய ஊதோன் சம்மதிக்கவில்லை. மனிதரையே பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்று, தாயகம் திரும்பிய பிராங்க்ளினோடு கப்பலேறி, 1785 அக்டோபரில் மவுன்ட் வெர்னன் பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே இரண்டு வாரமளவு தங்கி அவர் செய்தவை அனைத்தும் பூர்வாங்க வேலைகளே. காலிப்பரால் உடலின் அளவுகளைக் குறித்துக்கொண்டார். களிமண்ணில் மார்பளவு உருவம் சமைத்தார். வாஷிங்டனை மேஜையின்மேல் மல்லாந்து படுக்கவைத்து, மூச்சுவிட நாசித் துவாரங்களில் இறகுக் குழல்களைச் செருகி, முகம் முழுவதும் சுண்ணச்சாந்தைப் பூசி அச்செடுத்தார். அந்த வழியாக வந்த ஆறு வயதுப் பேத்தி நெல்லி, வெள்ளைத் துணியும் வெள்ளைச் சாந்துமாகக் கிடந்த தாத்தாவைப் பார்த்து அவர் இறந்துவிட்டார் என்றே பயந்துபோனதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறாள். அந்தச் சாந்தைக் கலக்கும் விதம் வாஷிங்டனுக்கே சுவாரசியமாகப் பட்டதால், அவர் அதைத் தம் நாட்குறிப்பிலும் எழுதிவைத்தார். களிமண் உருவம் இன்றும் மவுன்ட் வெர்னனிலேயே இருக்கிறது. முக அச்சு நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில், கடிதங்களுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் பக்கத்தில் இருக்கிறது. 6 அடி 2 அங்குல உயரமுள்ள பளிங்குச் சிலை 1796-இல்தான் ரிச்மண்ட் நகரத்துச் சட்டசபை மண்டபத்தை அடைந்தது. ரோமானியப் பாணியில் போர்த்தும் பழைய அங்கியைவிட நிகழ்கால உடையே தமக்கு உகந்தது என்ற அபிப்பிராயத்தை வாஷிங்டன் ஜெபர்சனுக்குக் கடிதமூலம் தெரிவித்ததும், சிலை தளபதியின் உடுப்போடு அமைந்ததும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

மரக்காணத்து உப்பளத் தொழிலாளி பாத்தி கட்டி, களிமண் தரையைக் காலால் மிதித்து இறுக்கி, கடல்நீரைத் தேக்கிவிட்டுக் காத்திருக்கும்போது, ஒரு மழை வந்தால் நீர் மறுபடியும் நீராகவே போய்விடும். உப்பு பூக்கும் வரையில் எதுவும் நிச்சயமில்லை. கடிதமும் சிற்பியின் பூர்வாங்க வேலையும் அந்த நிச்சயமின்மையில் பிறந்தவை. அவற்றின் மதிப்பும் அதில்தான் இருக்கிறது.

ஊதோனுடைய கைக்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1778-இல் பிராங்க்ளினின் தலையை வடித்த அதே கைதான், கடலூர்க் கடலில் நின்ற சுப்ரானின் மார்பளவுச் சிலையையும் 1787-இல் வடித்தது. அது இப்போது ஹாலந்தின் ஹேக் நகரத்து மவுரிட்ஸ்ஹவுஸ் காட்சிசாலையில் இருக்கிறது. நம்முடைய கடற்கரையில் போர்புரிந்தவரும் அப்போரின் வித்தைப் பாரிஸில் விதைத்தவரும் ஒரே சிற்பியின் கண்ணுக்கு முன் நின்றிருக்கிறார்கள்.

பளிங்குச் சிலை எதைச் சொல்லும், எதை மறைக்கும் என்பதற்கு நம்மிடமே அத்தாட்சி உண்டு. யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786-இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து ராஜ்யத்தில் பாதியையும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும், பிணையாக இரண்டு குமாரர்களையும் பெற்றார். சென்னை மாநகரத்து ஆங்கிலேயர் அவருக்காக தாமஸ் பாங்க்ஸ் என்ற சிற்பியைக் கொண்டு செய்வித்த சிலை, இன்று கோட்டைக் காட்சிசாலையில் நிற்கிறது. அதன் பீடத்தில் அந்தச் சிறுவர்களை ஒப்படைக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மணி நேர அவகாசம் வாங்கிய மனிதர் அந்தப் பளிங்கில் எங்கும் இல்லை. சிலை எடுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சிலையின் தர்மமே அது. ஆகையால் கோட்டைக்குப் போகிறவர்கள் பீடத்தைப் பார்க்குமுன் அந்த அக்டோபர்க் கடிதத்தைப் படித்துக்கொண்டு போவது நலம்.

அமெரிக்கர் தங்கள் முன்னோரின் கடிதங்களை அச்சிட்டும், இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்துவைத்தும் பெருமை கொள்கிறார்கள். நம்மிடமும் அத்தகைய செல்வம் உண்டு: சென்னை எழும்பூரில் 1909-இல் எழுந்த ஆவணக் காப்பகக் கட்டடத்தில், 17-ஆம் நூற்றாண்டு முதலான சென்னை ராஜதானியின் கடிதங்களும் ஆலோசனைக் குறிப்புகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. சமாதானம் பிறந்தது அறியாமல் கடலூரில் மனிதர்கள் மாண்ட அந்த ஜூன் மாதத்தில், கோட்டையில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்று அறிய விரும்பும் நம்முடைய மாணவர்கள் வாஷிங்டன் நகரத்துக்குப் போக வேண்டியதில்லை. எழும்பூருக்குப் போனால் போதும்.