கேமராப் பெட்டிக்குள் ஒரு கிழங்கின் வெளிச்சம்!

உஷ்... சவ்வு பெட்டிக்குள் போயாச்சு, கதவைச் சாத்துங்கள்! நேற்று ஜெல் ஓட்டி, புரதங்களைச் சவ்வுக்கு மாற்றி, பாலில் ஊறவைத்து, ராத்திரி முழுக்க ஆன்டிபாடியில் போட்டுவைத்து, காலையில் கழுவு கழுவென்று கழுவியதெல்லாம் இந்த நிமிடத்துக்காகத்தான். புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் ‘வெஸ்டர்ன் பிளாட்’ கிளைமாக்ஸ்!

பாலா? ஆமாம், கொழுப்பு நீக்கிய பால் பவுடரேதான். சவ்வின் காலி இடங்களை அது அடைத்துவிட்டால், ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாது.

தேடும் ஆள் எல்சி3 என்ற புரதம். செல் தன் பழைய சாமான்களைப் பையில் கட்டிச் செரிப்பதுதான் ஆட்டோஃபேஜி. ஈஸ்ட்டில் அதன் சூட்சுமத்தைப் பிடித்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல். அந்தப் பையின் சுவரில் ஒட்டுகிறவர்தான் நம் எல்சி3. ஆள் பொடியன், சவ்வின் துளை பெரிதானால் நழுவிவிடுவார். அதனால் 0.2 மைக்ரான் சவ்வு!

ஆன்டிபாடியின் முதுகில் சவாரி செய்யும் நொதி ஹார்ஸ்ராடிஷ் என்ற காரக் கிழங்கிலிருந்து வந்தது. செல்லப்பெயர் எச்ஆர்பி. லூமினாலும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் மேலே பட்டதும் மங்கலாக நீல வெளிச்சம்! முதல் ஆன்டிபாடியிலேயே நொதியைக் கோத்துவிட்டால் இரண்டாவது ஆன்டிபாடியும் அதன் கழுவலும் மிச்சம். சிக்னல்தான் சற்றுக் குறையலாம். பஃபரில் யாராவது சோடியம் அசைடு கலந்திருந்தால் நொதி படுத்துவிடும், போச்சு!

இதோ, இரண்டு பட்டைகள்! கீழே இருப்பது கொழுப்பு ஒட்டிய எல்சி3-II. எடை கூடியவர் அவர்தான், ஆனாலும் ஜெல்லில் முந்தி ஓடியிருக்கிறார்!

கீழ்ப்பட்டை தடித்துவிட்டதே என்று உடனே குதிக்காதீர்கள். பைகள் நிறைய உருவாகியிருக்கலாம்; செரிக்க வழியின்றித் தேங்கியும் இருக்கலாம். அதற்குத்தான் பக்கத்து லேனில் குளோரோகுயின் கொடுத்த செல்கள். மருந்து செரிமானத்தை அடைத்ததும் பட்டை இன்னும் தடித்தால், அதுவரை ஓட்டம் இருந்தது. தடிக்கவே இல்லையா? முன்பே அடைப்பு இருந்திருக்கலாம்.

புற்றுநோயில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். 1999-இல் பெத் லெவின் குழு, எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய் செல்களில் பெக்லின்-1 புரதத்தைக் கூட்டியதும் ஆட்டோஃபேஜி ஏறியது. எலிகளில் கட்டி உண்டாக்கும் திறன் இறங்கியது. வளர்ந்துவிட்ட கட்டியோ அதே ஆட்டோஃபேஜியில் பசியாறிப் பிழைப்பதும் உண்டு. அந்தப் பந்தியைக் கலைக்க முடியுமா என்றுதான், லேனில் கொடுத்த மருந்தின் உறவுக்காரரான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நோயாளிகளிடமும் சோதித்து வருகிறார்கள்!