வீட்டிற் பயிலும் பிள்ளையும் பணிக்குச் செல்லும் பெற்றோரும்

பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே பிள்ளைக்குக் கல்வியளிக்கும் பெற்றோர் நம் நாட்டில் சிலரே எனினும் உளர். உடல்நலக் குறை, அடிக்கடி நேரும் பணியிட மாற்றம், பள்ளியின்மீது ஏற்பட்ட அச்சம் எனக் காரணங்கள் பல. தாயும் தந்தையும் பணிக்குச் செல்வோராயின், பகற்பொழுதில் பிள்ளையை யாரிடம் விடுவது என்பதே முதல் வினாவாகிறது.

விடை எளிதிற் கிட்டாமைக்குக் காரணம் உண்டு. நம் ஏற்பாடுகள் 6 வயதை எல்லையாகக் கொண்டவை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே காப்பக அறை வேண்டும் என்றது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடியிலும் அவ்வயதுக் குழந்தைகளுக்கே இடம். 6 முதல் 14 வயது வரை பள்ளி பார்த்துக்கொள்ளும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் எண்ணம். எட்டு வயதில் வீட்டிற் பயிலும் பிள்ளை இவற்றுள் எதிலும் சேராமல் விடுபட்டு நிற்கிறது.

என் மகள் எட்டாம் வயதில் ஓராண்டு வீட்டிலிருந்தே பயின்றாள். காப்பாளரையும் ஆசிரியரையும் ஒருவரிடமே தேடியது அப்போது நான் செய்த பிழை. பட்டம் பெற்ற பெண்மணி ஒருவரை அமர்த்தினேன். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை அவர் பாடமே நடத்தினார். பள்ளிக்கூடம் எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டது! மூன்றாம் வாரம் மகள் உண்ண மறுத்தாள்.

பின்னர் வந்தவர் எங்கள் தெருவைச் சேர்ந்த மாமி ஒருவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மகளை அருகில் வைத்துக்கொண்டே அரிசி அளந்தார், துணி தைத்தார், கடைக்குச் சென்றார். அவள் கேட்டவற்றுள் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததை, "உம்மா வரட்டும், கேட்போம்" என்று ஒரு தாளில் எழுதி வைக்கச் செய்தார். மாலையில் என் பாடம் அந்தத் தாளிலிருந்தே தொடங்கியது. இரண்டு மணி நேரம் போதுமா என ஐயுறுவோர், நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஆசிரியரின் கவனம் எத்தனை நிமிடம் கிட்டுகிறது என எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியத் தொழிலில் இருந்துகொண்டு இதைச் சொல்வதில் எனக்குச் சற்றுக் கூச்சமே.

தேர்வு பற்றிய அச்சத்தால் காப்பாளரிடமே பாடத்திட்டத்தை ஒப்படைப்போர் உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 14 வயது நிறைந்தோரைப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்கு ஏற்கிறது. ஆகவே எட்டு வயதில் அத்தகைய அவசரம் இல்லை.

காப்பாளரிடம் கேட்டறிய வேண்டியவை வேறு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் யாரை அழைப்பார், தொலைக்காட்சியும் கைப்பேசியும் எவ்வளவு நேரம், அவரைத் தேடி வீட்டுக்கு யார் யார் வருவர், அவர் வர இயலாத நாளில் மாற்று யார் என்பனவே அவை. பாட்டியர் இருக்கையில் இக்கவலை எதற்கு என்பர் பெரியோர். முழுநாளும் பிள்ளையின் பின்னால் நடக்க அவர்தம் முழங்கால் இடந்தருமா என்பதை அவர்களிடமே கேட்டுவிடுவது நன்று.

முதல் வாரம் விடுப்பெடுத்து உடனிருந்தேன். அதன்பின் ஒருநாள் சொல்லாமல் நண்பகலில் வீடு திரும்பினேன். முற்றத்தில் இருவரும் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தனர். தாளில் நான்கு வினாக்கள் சேர்ந்திருந்தன.