ஹந்தானை மலையின் பெயரில் ஒரு லினக்ஸ்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு ஹந்தானை என்றால் வளாகத்தை ஒட்டி எழும் மலைத்தொடர். கணினி ஆர்வலர்களுக்கு அது ஓர் இயங்குதளத்தின் பெயரும்கூட. இலங்கைப் பயனர்களை மனதிற்கொண்டு, ஃபெடோராவை அடிப்படையாக வைத்துத் தனிஷ்க நவினின் முயற்சியில் உருவானது 'ஹந்தான லினக்ஸ்'.

லினக்ஸ் ஏற்கனவே இருக்கையில் இன்னொன்று எதற்கு? விடை 1990களின் தொடக்கத்தில் இருக்கிறது.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது கெர்னல் எனப்படும் கருவை மட்டுமே. பஸ் ஒன்றின் எஞ்சினும் அடிச்சட்டமும் மட்டும் வந்து இறங்கியது போல. ஆசனமும் கதவும் பொருத்தி ஓடவைப்பது வாங்கியவர் பாடு. அந்த வேலையை மற்றவர்களுக்காக ஒருவர் செய்து கொடுப்பதுதான் 'வழங்கல்'.

1992 பெப்ரவரியில் மான்செஸ்டர் கணினி மையத்தின் ஓவன் லெ பிளாங்க் அப்படியொரு தொகுப்பை வெளியிட்டார். அதே ஆண்டு பீட்டர் மக்டொனால்டின் எஸ்.எல்.எஸ். வந்தது. அதில் வசதிகள் அதிகம், பிழைகளும் அதிகம். அந்த அதிருப்தியிலிருந்து 1993இல் இரண்டு வழங்கல்கள் பிறந்தன. எஸ்.எல்.எஸ்ஸைத் திருத்தி பட்ரிக் வோல்கர்டிங் ஜூலையில் ஸ்லக்வேரை வெளியிட்டார். ஓகஸ்டில் இயன் மர்டொக் டெபியனைப் புதிதாகத் தொடங்கினார். 1994இல் ரெட் ஹட் வந்தது. 2003இல் அந்நிறுவனம் கட்டணப் பதிப்பில் கவனம் செலுத்த, சமூகப் பதிப்பாக ஃபெடோரா உருவானது. ஹந்தான இந்தக் கிளையில் முளைத்தது.

இதற்கெல்லாம் இடங்கொடுத்தது, 1992இல் லினக்ஸ் ஏற்றுக்கொண்ட ஜி.பி.எல். உரிமம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். அதே உரிமையை அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

ஹந்தான சேர்த்தவை எளிய விடயங்கள்: சிங்கள, தமிழ் மொழி வசதி, கல்வி மென்பொருட்கள், காப்புரிமைச் சிக்கலால் ஃபெடோரா அன்று தவிர்த்த ஒலி, ஒளிக் கோப்புகளுக்கான துணைக்கருவிகள். எல்லாம் ஒரே இறுவட்டில். நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். வேகமான இணைப்பு உள்ள நகரத்தில் இது சிறிய சௌகரியம். இணையமே எட்டாத தோட்டப்புறப் பாடசாலை ஒன்றில், கணினி பயன்படுமா, மூலையில் கிடக்குமா என்பதையே இது தீர்மானிக்கும்.

ஆனால் தொடங்குவதைவிடத் தொடர்வது கடினம். ஃபெடோரா ஏறத்தாழ 6 மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்குமான ஆதரவு சுமார் 13 மாதங்களே. அதன்மேல் கட்டுபவர் அத்தனை வேலையையும் மீண்டும் செய்ய வேண்டும். ஒருவர் தோளில் நின்ற எஸ்.எல்.எஸ். விரைவில் மறைந்தது. மர்டொக் 2015இல் காலமான பின்னும் டெபியன் நிற்கிறது. ஏனெனில் அது எப்போதோ பலருடைய கைக்குப் போய்விட்டது. அதற்கென எழுதப்பட்ட யாப்பும், வாக்களித்துத் தெரிவாகும் தலைவரும் உண்டு.

ஒவ்வொரு புதிய பதிப்பிலும் தமிழ் எழுத்து உடையாமல் தெரிகிறதா என்று பார்க்க ஆட்கள் வேண்டும். பேராதனை மாணவர் சிலர் சேர்ந்தாலும் அதைச் செய்யலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.